பேனாக் கத்தியின் முதுகில் இருக்கும் வில்

சிவப்புப் பிடியில் வெள்ளைச் சிலுவை பதித்த சுவிஸ் பேனாக் கத்திதான் பலருடைய சேகரிப்பில் முதல் கத்தி. கைக்கு வந்ததும் யாரும் அதை வைத்து உடனே எதையும் வெட்டுவதில்லை. நகத்தால் அலகை இழுத்துத் திறக்கிறார்கள், மடக்குகிறார்கள், மறுபடி திறக்கிறார்கள். பாதி வழிவரை முரண்டு பிடிக்கும் அலகு, ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானே ஓடிப்போய் 'டக்' என்று நிற்கிறது. அந்த 'டக்'கில்தான் ஆசை தொற்றிக்கொள்கிறது. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு கத்தி நன்றாகச் செய்யப்பட்டதா, தேய்ந்துபோனதா, சுத்தம் செய்தால் போதுமா என்பதையெல்லாம் காதாலும் விரலாலுமே சொல்லிவிடலாம்.

பேனாக் கத்தி என்ற பெயர், இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த சிறு கத்தியிலிருந்து வந்தது. நம் பக்கத்திலும் எழுத்தும் கத்தியும் சேர்ந்தே இருந்திருக்கின்றன. ஓலைச்சுவடி எழுதியவர்களிடம் மடக்கெழுத்தாணி என்றொரு கருவி இருந்தது. எழுத்தாணியும் ஓலை வாரும் சிறு கத்தியும் ஒரே பிடிக்குள் மடங்கிக்கொள்ளும்.

இனி உள்ளே பார்ப்போம். கத்தியை மூடி, முதுகுப்பக்கத்தைத் திருப்புங்கள். இரண்டு தகடுகளுக்கு நடுவே பிடியின் நீளத்துக்கு ஒரு எஃகுப் பட்டை தெரியும். அதுதான் ஸ்பிரிங். சுருள் எதுவும் கிடையாது, வெறும் பட்டைவில். அலகின் அடிப்பகுதி பிடிக்குள் ஒரு ஊசியைச் சுற்றித் திரும்புகிறது. அந்த அடிப்பகுதி வட்டமாக இருந்தால் அலகு எந்தக் கோணத்திலும் தொளதொளவென்று ஆடும். அதனால் அதில் இரண்டு இடங்களில் தட்டையாக இழைத்திருக்கிறார்கள். ஒன்று திறந்த நிலைக்கு, இன்னொன்று மூடிய நிலைக்கு. இரண்டுக்கும் நடுவே இருப்பது உருண்டையான மூலை.

தட்டைப் பக்கம் வில்லின் மேல் படிந்திருக்கும்போது வில்லின் வளைவு மிகக் குறைவு, அதில் தேங்கும் ஆற்றலும் குறைவு. அலகைத் திருப்பினால் மூலை வந்து வில்லை வெளியே தள்ளுகிறது. மூலையின் உச்சி வில்லுக்கு நேராக வரும்வரை நாம் வில்லை வளைத்துக்கொண்டிருக்கிறோம். உச்சி தாண்டியதும் வில் அலகைத் தள்ள ஆரம்பிக்கிறது. முதல் பாதியில் முரண்டும் இரண்டாம் பாதியில் ஓட்டமும் இதனால்தான். தட்டை மேல் வில் வந்து மோதுவதுதான் நாம் கேட்கும் சத்தம்.

கணக்குக்காக ஒரு கத்தியை எடுத்துக்கொள்வோம். வில் அலகின் அடியை 150 நியூட்டன் விசையோடு, அதாவது ஏறக்குறைய 15 கிலோ எடையோடு அழுத்துகிறது. அது அழுத்தும் புள்ளி ஊசியின் மையத்திலிருந்து 3 மி.மீ. விலகியிருக்கிறது. நகக்குழி ஊசியிலிருந்து 30 மி.மீ. தள்ளி இருக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற நெம்புகோல் விகிதத்தில் நகத்துக்குத் தெரிவது 15 நியூட்டன், அதாவது ஒன்றரைக் கிலோ. உராய்வு இதோடு சேரும். நகக்குழியை ஊசிக்கு 10 மி.மீ. நெருக்கமாக வெட்டியிருந்தால் அதே கத்தி இரண்டேகால் கிலோ கேட்கும், நகம் பெயரும். வில் அரை மி.மீ. விலகி, சராசரி 100 நியூட்டன் விசையோடு திரும்பி விழுகிறது என்றால் ஆற்றல் 0.05 ஜூல். 5 கிராம் எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மோதும் அளவு அது. அவ்வளவுதான் அந்த 'டக்'.

இதில் செய்பவரைச் சோதிப்பது வில்லின் தடிமன். பட்டைவில்லின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்பக் கூடும். 2 மி.மீ. இருக்க வேண்டியது 2.2 மி.மீ. ஆகிவிட்டால் விறைப்பு 10 சதவீதம் கூடாது, 33 சதவீதம் கூடும். ஒரே தொழிற்சாலையில் பழைய முறையில் கையால் அரம் போட்டுச் செய்த இரண்டு கத்திகள் விரலுக்கு வேறு வேறாகத் தெரிவது இதனால்தான். ஆங்கிலம் பேசும் சேகரிப்பாளர்கள் இந்தக் குணத்தை 'நடையும் பேச்சும்' என்று சொல்வார்கள். நடை, அலகு திரும்பும் விதம். பேச்சு, அது நிற்கும்போது எழும் சத்தம்.

சில கத்திகளில் அலகின் அடி சதுரமாக இருக்கும். மூன்று பக்கம் தட்டை. அதனால் 90 பாகையிலும் ஒருமுறை நிற்கும். மடக்கும்போது விரலை எடுத்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கிடைப்பதால் சிலர் இதை விரும்புகிறார்கள். சுவிஸ் கத்தியின் பெரிய அலகில் இந்த நடுநிறுத்தம் கிடையாது. உருண்டை மூலை, ஒரே ஓட்டம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வில் பூட்டு அல்ல. திறந்த நிலையில் அலகின் அடி வில்லின் நுனியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. வாயை, அதாவது கூர்ப்பக்கத்தைக் கீழே அழுத்தி வெட்டினால் விசை அலகை மேலும் திறக்கும் திசையில் போகிறது. முட்டு அதைத் தாங்கும், அலகு மடங்காது. முனையால் குத்தினாலோ, அலகின் முதுகால் எதையாவது தட்டினாலோ விசை மடக்கும் திசையில் திரும்புகிறது. அப்போது தடுப்பது அந்த ஒன்றரைக் கிலோ மட்டுமே. பேனாக் கத்தி அலகால் துளை போடப் போனால் விரல் அறுபடுவது இப்படித்தான். துளை போடத்தான் சுவிஸ் கத்தியின் முதுகில் தனியாக ஊசி இருக்கிறது.

அந்த முதுகு ஊசியில் ஒரு நல்ல பொறியியல் கதை இருக்கிறது. கார்ல் எல்சனர் 1884இல் சுவிட்சர்லாந்தின் ஷ்விட்ஸ் மாநிலத்தில், ஈபாக் என்ற ஊரில் கத்திப் பட்டறை திறந்தார். சுவிஸ் படைக்கு அப்போது புதிதாக வந்திருந்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி தேவைப்பட்டது, டின் உணவைத் திறக்கவும் ஒரு கருவி வேண்டியிருந்தது. அலகு, துளை ஊசி, டின் ஓப்பனர், திருப்புளி என நான்கும் சேர்ந்த சிப்பாய்க் கத்தியை '1890 மாதிரி' என்ற பெயரில் படை ஏற்றது. முதல் தொகுதி ஜெர்மனியின் ஜோலிங்கன் நகரிலிருந்து வந்தது. 1891இல் எல்சனரும் கொடுக்கத் தொடங்கினார். அது உறுதியான கத்தி, ஆனால் கனமானது. அதிகாரிகளுக்காக இலேசான, இன்னும் அதிகக் கருவிகள் கொண்ட ஒன்றைச் செய்யப் பார்த்தார். கருவிக்கு ஒரு வில் என்று போட்டால் பிடி செங்கல் போலத் தடித்துவிடும். 1897 ஜூன் 12ஆம் தேதி அவர் பதிவு செய்த வடிவத்தில் விடை இருந்தது: ஒரே வில், இரு பக்கமும் கருவிகள்.

காவடித் தண்டை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே தோள், இரு முனையிலும் சுமை, தண்டு வளைந்து நிற்கும். சுவிஸ் கத்தியின் வில்லும் அப்படித்தான். நடுவில் ஒரு ஊசி தாங்குகிறது. ஒரு முனை பெரிய அலகை அழுத்துகிறது, மறுமுனை சின்ன அலகை அழுத்துகிறது. அடுத்த அடுக்கில் இன்னொரு வில், ஒரு முனையில் டின் ஓப்பனர், மறுமுனையில் பாட்டில் ஓப்பனர். கார்க் திருகியும் துளை ஊசியும் அதே விற்களின் மறுபக்கத்தில் அமர்ந்திருக்கின்றன. இரண்டே விற்கள் ஆறு கருவிகளைக் காவல் காக்கின்றன. இது புரிந்தால் ஒரு பழக்கமும் தானாக வரும். ஒரே அடுக்கில் இரு முனைக் கருவிகளையும் ஒரே நேரத்தில் பாதி திறந்து வைக்கக் கூடாது. காவடியின் இரு முனையும் சேர்ந்து தள்ளப்படும், வளைவு இரட்டிக்கும், வில் வீணாகச் சிரமப்படும்.

இவ்வளவு வேலை செய்யும் வில்லும் அலகும் ஒரே பதத்தில் இருக்க முடியாது. எல்சனரின் பட்டறை வளர்ந்து உருவான விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் அலகுக்குப் பயன்படும் எஃகு 1.4110 என்ற எண்ணால் அறியப்படுவது. சுமார் அரை சதவீதம் கார்பன், 13 முதல் 15 சதவீதம் குரோமியம், கொஞ்சம் மாலிப்டினம். 1040 பாகை செல்சியசில் காய்ச்சிக் கடினமாக்கி, பிறகு 160 பாகையில் மறுபடி சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள். ராக்வெல் அளவில் கடினம் 56 வருகிறது. ரம்பத்துக்கும் கத்தரிக்கும் 53. திருப்புளி, டின் ஓப்பனர், துளை ஊசிக்கு 52. கார்க் திருகிக்கும் வில்லுக்கும் 49. கடினம் கூடினால் கூர் நிற்கும், ஆனால் வளையாது, பட்டென்று முறியும். வில் ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டியது, திருப்புளி முறுக்குக்கு ஈடுகொடுக்க வேண்டியது. அதனால்தான் சுவிஸ் அலகை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் முனை ஒடிகிறது, பக்கத்திலிருக்கும் பாட்டில் ஓப்பனரின் திருப்புளி முனையால் நெம்பினால் தாங்குகிறது.

சாணை பிடிக்கப் பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை போதும். அலகின் அகலம் 12 மி.மீ. என்றால் முதுகைக் கல்லிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மி.மீ. உயர்த்திப் பிடிக்க வேண்டும். ஒரு பக்கம் தேய்த்து, மறுபக்கத்தில் நூல்போலப் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் திருப்பித் தேய்க்க வேண்டும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்தில் கொடுக்காதீர்கள். மெல்லிய வாய் சில நொடிகளிலேயே நீலம் பாய்ந்துவிடும். அந்த நிறம் வந்தால் 160 பாகையைத் தாண்டிவிட்டது, பதம் போயிற்று என்று அர்த்தம்.

இனிக் கோளாறுகள். அலகு திரும்பும்போது நறநறவென்றால் உள்ளே தூசியும் சட்டைப் பையின் நூல் பஞ்சும் சேர்ந்திருக்கிறது. வெதுவெதுப்பான நீரில் முக்கி, நீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பத்துப் பதினைந்து தடவை திறந்து மூடுங்கள். நன்றாக உலர்த்தி, அலகின் அடியும் தகடும் உரசும் இடத்தில் ஒரே ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் வேண்டாம். தாவர எண்ணெய் காற்றுப்பட்டு நாளடைவில் பிசின்போல ஆகி, தூசியைப் பிடித்து இறுகும். நறநறப்பைப் போக்கப் போய் அலகே நகராத நிலைக்கு வரும். கொதிநீரும் கூடாது. சிவப்புப் பிடி செல்லுலோஸிலிருந்து செய்த பிளாஸ்டிக், சூட்டில் நெளியும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் பட்டால் அதே பிடி கரையும்.

எண்ணெய் விட்ட பிறகும் அலகு சோம்பலாக, சத்தமில்லாமல் வந்து நின்றால் வில் சோர்ந்திருக்கலாம், அல்லது அலகின் மூலை தேய்ந்திருக்கலாம். பக்கவாட்டில் ஆடினால் காரணம், அலகு சுற்றித் திரும்பும் ஊசியும் அதன் துளையும் தளர்ந்திருப்பது. பழைய கத்திகளில் அந்த ஊசியின், அதாவது ரிவெட்டின் தலையை இரும்பு மேல் வைத்துச் சிறு சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டி இறுக்குவார்கள். ஒவ்வொரு தட்டலுக்குப் பின்னும் அலகைத் திறந்து பார்க்க வேண்டும். ஒரு தட்டு கூடிப்போனால் தகடுகள் அலகைக் கவ்வி, வில்லால் அதை நகர்த்தவே முடியாமல் போகும்.

பழைய கத்தி வாங்குகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் ஒன்று உண்டு. அலகின் வாய்ப்பக்கத்தில், அடிக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேடு இருக்கும். மூடும்போது அந்த மேடுதான் வில்லில் போய் அமர்கிறது, கூர்வாய் வில்லைத் தொடாமல் காக்கிறது. அந்த மேடு தேய்ந்தாலோ யாராவது அரம் போட்டுக் குறைத்திருந்தாலோ, மூடும் ஒவ்வொரு தடவையும் கூர்வாய் வில்லில் கொத்தும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வாயில் எப்போதும் ஒரே இடத்தில் மழுங்கல் மின்னும். எத்தனை முறை சாணை பிடித்தாலும் அது திரும்ப வரும். அலகு பிடிக்குள் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கி நகக்குழி பாதி மறைந்திருந்தால் அதுவும் இதே நோய்தான்.

வயதைக் கண்டுபிடிக்க அலகின் அடியைப் படியுங்கள். அலுமினியப் பிடி கொண்ட 1961ஆம் ஆண்டு மாதிரிச் சிப்பாய்க் கத்தியில் தயாரித்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். சுவிஸ் படைக்கு விக்டோரினாக்ஸும் வெங்கர் என்ற இன்னொரு சுவிஸ் நிறுவனமும் கத்தி செய்தன. 2005இல் வெங்கரை விக்டோரினாக்ஸ் வாங்கிவிட்டது. முத்திரை தேய்ந்துபோன மற்றப் பேனாக் கத்திகளில் டின் ஓப்பனர் காட்டிக்கொடுக்கும். விக்டோரினாக்ஸ் ஓப்பனர் டின்னை முன்னோக்கி வெட்டிக்கொண்டு போகும், வெங்கருடையது பின்னோக்கி.

சேகரிப்பு பெருகி, பழைய அமெரிக்க, ஐரோப்பியக் கத்திகளும் வரத் தொடங்கினால் பிடியை முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை அடித்தால் அது செல்லுலாயிட். அதில் இருக்கும் நைட்ரோசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதைந்து நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை விடும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் அது நைட்ரிக் அமிலம். அந்தக் கத்தியின் அலகை மட்டுமல்ல, ஒரே பெட்டியில் அடுத்தடுத்துப் படுத்திருக்கும் நல்ல கத்திகளையும் அது துருப்பிடிக்க வைக்கும். முதலில் பிடிக்கு அருகே, அலகின் ஒரு பகுதியில் மட்டும் துரு தோன்றும். பிடியில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலே அதைத் தனியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் திறந்து வையுங்கள். தோல் உறைக்குள்ளும் எந்தக் கத்தியையும் நெடுநாள் விடாதீர்கள். பதனிடும்போது சேர்ந்த உப்பும் அமிலமும் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய எண்ணெய் பூசி, பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, அலகை முழுக்க மூடி வைத்தால் வில்லும் தன் தட்டையில் இளைப்பாறும்.