ஸ்பானிஷுக்கு ஆங்கிலம் வழியாகத்தான் போக வேண்டுமா?

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஸ்பானிஷ் பாடநூல்களில் ‘குஸ்தார்’ என்ற வினைச்சொல்லுக்குத் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். ‘மே குஸ்தா எல் கஃபே’ என்றால் எனக்குக் காபி பிடிக்கும். இதில் எழுவாய் ‘நான்’ இல்லை, காபிதான். ஆங்கிலம் பேசுகிறவருக்கு இது தலைகீழாகத் தெரிவதால் பக்கம் பக்கமாக விளக்கமும் பயிற்சியும் தேவைப்படுகிறது. தமிழர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடலாம். ‘மே’ என்றால் ‘எனக்கு’, அவ்வளவுதான். தலைவலிக்கும் அதே அமைப்பு: ‘மே துவேலே லா கபேசா’, எனக்குத் தலை வலிக்கிறது.

பள்ளியில் ஆங்கிலம் படித்த தமிழர் ஸ்பானிஷுக்கு வரும்போது இரண்டு மொழிகளோடு வருகிறார். சொற்களுக்கு ஆங்கிலம் கைகொடுக்கும். ஒலிக்கும் வாக்கிய அமைப்புக்கும் பல இடங்களில் தமிழே போதும். எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் போட்டு வடிகட்டி எடுப்பதால்தான் பலர் எளிதான இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

முதலில் ஒலி. 1984-இல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற ஆய்வாளர்கள் கனடாவில் கைக்குழந்தைகளுக்கு இந்தியின் ‘ட’, ‘த’ ஒலிகளை மாற்றி மாற்றிக் கேட்கவைத்தார்கள். ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆறு முதல் எட்டு மாத வயதில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வயதை நெருங்கியபோது பெரும்பாலானோருக்குத் தெரியவில்லை. வீட்டு மொழிக்கு வேண்டாத வேறுபாட்டை மூளை கழித்துவிடுகிறது. தமிழ்க் காது அதைக் கழிக்கவில்லை, அதுதான் இங்கே லாபம். ஸ்பானிஷில் வருவது பல்லில் நாக்கு படும் ‘த’. ‘நீ’ என்பதற்கு ‘தூ’ என்று சொல்ல வேண்டும், ‘டூ’ என்று அல்ல. ஆங்கில எழுத்தைக் கண்டதும் ‘ட’ என்று வாசிக்கும் பழக்கத்தை மட்டும் விட்டால் போதும். ‘ஒன்றுமில்லை’ என்பதற்கான ‘நாதா’வில் வரும் மெல்லிய ‘த’ நம் ‘அது’, ‘பாதை’யில் வருகிறதேதான். குழந்தையைக் குறிக்கும் ‘நிஞோ’வின் ‘ஞ’வுக்குப் பயிற்சியே வேண்டாம். ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெர்ரோ’ என்றால் நாய். ஒன்றில் நாக்கு ஒருமுறை தட்டுகிறது, மற்றதில் உருள்கிறது. இலக்கணம் சொல்லும் ரகர றகர வேறுபாட்டை இன்னும் பேச்சில் காப்பாற்றி வைத்திருப்பவருக்கு இது பழகிய வேலை.

தமிழ் கைவிடும் இடங்களும் உண்டு. சொல்லின் முதலில் வரும் வல்லின வேறுபாட்டை நம் எழுத்து காட்டாது. எடைக்கும் ‘பேசோ’, முத்தத்துக்கும் ‘பேசோ’ என்றுதான் எழுத முடியும். எடையில் வருவது ‘பல்’லின் ப, முத்தத்தில் வருவது ‘பம்பாய்’ என்பதன் முதல் ப. அதனால் ஸ்பானிஷ் சொற்களை நோட்டில் தமிழ் எழுத்தில் குறித்துவைக்காதீர்கள். இந்தக் கட்டுரை வேறு வழியின்றி அதைச் செய்கிறது. இன்னொன்று அழுத்தம். ‘ஆப்லோ’வில் முதல் அசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’, கடைசி அசையை அழுத்தினால் ‘பேசினான்’. நமக்கு நெடில் குறில் கேட்கும் அளவுக்கு அழுத்தம் கேட்பதில்லை. முதல் மாதத்திலேயே இதற்குக் காதைப் பழக்காவிட்டால் பின்னால் காலமே குழம்பும்.

வாக்கிய அமைப்பில் கிடைக்கும் லாபம் இன்னும் பெரியது. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடுவதுபோல ஸ்பானிஷிலும் ஆப்லோ, ஆப்லாஸ், ஆப்லாமோஸ். ஆகவே ‘யோ’ என்ற ‘நானை’ வாக்கியம்தோறும் வைக்க வேண்டியதில்லை. வைத்தால் ‘நானாக்கும்’ என்று மார்தட்டுவதுபோல ஒலிக்கும். ‘சாப்பிடப் போகிறேன்’ என்பது ‘போய் ஆ கொமேர்’. ‘போ’ என்ற வினையை வைத்தே எதிர்காலம் சொல்வது இரு மொழிக்கும் பொது. அங்கே ‘போகிறேன்’ என்பதற்கான சொல் ‘போய்’ என்று ஒலிப்பது தற்செயல்தான், மறக்காமலிருக்க உதவினால் நல்லது.

ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் ஆண்டுக்கணக்கில் தடுமாறும் ‘ஆ’ என்ற உருபைப் பாருங்கள். ‘புத்தகம் படிக்கிறேன்’ என்பதில் நாம் ‘ஐ’ சேர்க்காமல் விடலாம். ‘மரியா பார்க்கிறேன்’ என்று சொல்ல முடியாது, ‘மரியாவை’ என்றே சொல்ல வேண்டும். ஸ்பானிஷிலும் ‘லேயோ உன் லீப்ரோ’ என்பதில் உருபு இல்லை, ‘பேயோ ஆ மரியா’ என்பதில் உண்டு. செயப்படுபொருள் ஆளாக இருந்தால், அதுவும் குறிப்பிட்ட ஆளாக இருந்தால், அடையாளம் வைக்க வேண்டும். ‘மாப்பிள்ளை தேடுகிறார்கள்’ என்றால் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று பொருள். ‘மாப்பிள்ளையைத் தேடுகிறார்கள்’ என்றால் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையைக் காணோம். ஸ்பானிஷும் இதே வேறுபாட்டை இதே வழியில்தான் காட்டுகிறது: ‘புஸ்கான் நோபியோ’ முதலாவது, ‘புஸ்கான் அல் நோபியோ’ இரண்டாவது (‘அல்’லுக்குள் இருப்பது அதே ‘ஆ’தான்).

ஆங்கிலத்தின் ‘இஸ்’ஸுக்கு ஈடாக ஸ்பானிஷில் இருக்கும் ‘செர்’, ‘எஸ்தார்’ என்ற இரு வினைகளுக்கும் தமிழிலிருந்தே ஒரு குறுக்குவழி கிடைக்கிறது. ‘அவள் டாக்டர்’ என்பதில் தமிழ் வினையே வைப்பதில்லை. அங்கே செர்: ‘எஸ் மேதிகா’. ‘வீட்டில் இருக்கிறாள்’, ‘களைப்பாக இருக்கிறாள்’ என்று ‘இரு’ வருமிடத்தில் எஸ்தார்: ‘எஸ்தா என் காசா’, ‘எஸ்தா கன்சாதா’. ஆனால் ‘உயரமாக இருக்கிறாள்’ என்பதற்கு ‘எஸ் ஆல்தா’ என்று செர்தான் வரும். நிலையான குணத்தைச் சொல்லும்போது விதி உடைகிறது என்பதை மட்டும் தனியாக நினைவில் வைக்க வேண்டும். வினையில்லாத வாக்கியத்துக்குப் பழகிய நாக்கு ‘எஸ்’ஸை விழுங்கிவிடுவதும் தமிழருக்கே உரிய பிழை.

தமிழைப் பின்பற்றினால் நேராகப் பிழைக்குள் கொண்டுபோய்விடும் இடமும் உண்டு. ‘எனக்கு இரண்டு அண்ணன்கள் இருக்கிறார்கள்’ என்பதற்கு ‘மே’ போடக்கூடாது. ‘தெங்கோ தோஸ் எர்மானோஸ்’ என்று ‘வைத்திருக்கும்’ வினை வர வேண்டும். ‘நேற்று வந்த பையன்’ முழுக்கத் திரும்பிவிடும்: பையன் முதலில், பிறகு ‘கே’ என்ற இணைப்புச் சொல், பிறகு வந்தது, கடைசியில் நேற்று. இதை விதியாகப் படித்துப் பயனில்லை. இந்த அமைப்பில் நாளுக்கு ஐந்து வாக்கியம் என இரண்டு வாரம் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

சொற்களில் ஆங்கிலத்தைத் தயங்காமல் பயன்படுத்தலாம். ‘ஷன்’ என முடிவது ‘சியோன்’ ஆகும், ‘இன்ஃபர்மேஷன்’ போய் ‘இன்ஃபொர்மாசியோன்’ வரும். ‘யுனிவர்சிட்டி’ ‘உனிபெர்சிதாத்’ ஆகும். இந்த இரு விகுதிகளிலும் முடியும் பெயர்கள் பெண்பால் என்பது உபரி லாபம். ஏமாற்றும் சொற்களும் இருக்கின்றன. ‘எம்பாரசாதா’ வெட்கப்பட்டவள் அல்ல, கர்ப்பிணி. ‘எக்ஸிதோ’ வெளியேறும் வழி அல்ல, வெற்றி. போர்த்துகீசியர் விட்டுப்போன மேசையும் அலமாரியும், ஈழத்தமிழரின் சப்பாத்தும் துவாயும் பாணும் ஸ்பானிஷில் மேசா, அர்மாரியோ, சபாதோ, தோவாயா, பான் என்று நிற்கின்றன. அடிக்கடி வரும் ஆயிரம் சொற்களைப் பிடித்தால் எழுத்தில் கண்ணில் படுவதில் சுமார் எண்பது சதவீதம் பிடிபடும். ஆனால் செய்தியைச் சுமப்பது பெரும்பாலும் மீதி இருபதுதான். அகராதி இல்லாமல் வசதியாக வாசிக்க 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது 2000-இல் வெளியான ஓர் ஆய்வு. ‘ஆயிரம் சொல் போதும்’ என்ற விளம்பரங்கள் இந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

படித்த சொல் ஏன் நிற்பதில்லை? ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறுபடி கற்கும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். ஒரு மணி நேரத்தில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஒரு நாளில் மூன்றில் இரண்டு பங்கு போயிருந்தது. அதன்பின் சரிவு மெதுவாகிறது. இந்தச் சரிவை எப்போது தடுப்பது என்பதற்கு ஸ்பானிஷ் சொற்களை வைத்தே ஒரு பதில் இருக்கிறது. ஹாரி பாரிக், எலிசபெத் ஃபெல்ப்ஸ் இருவரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், 50 ஸ்பானிஷ் சொற்களைச் சிலர் ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படித்திருந்தார்கள், சிலர் ஒருநாள் இடைவெளியில், சிலர் 30 நாள் இடைவெளியில். எட்டு ஆண்டு கழித்துச் சோதித்தபோது நினைவிலிருந்தவை முறையே 6, 8, 15 சதவீதம். மறக்கும் தறுவாயில் சிரமப்பட்டு மீட்டெடுக்கும் சொல்தான் ஆழப் பதிகிறது.

சிரமப்பட்டு மீட்டெடுப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பட்டியலை மறுபடி வாசிப்பது மீட்டெடுப்பது ஆகாது. ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் 2008-இல் 40 சுவாஹிலிச் சொற்களை வைத்துச் செய்த சோதனையில், தெரிந்துவிட்ட சொற்களையும் விடாமல் சோதித்துக்கொண்டவர்கள் ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். சோதனையை நிறுத்திவிட்டு வாசிப்பை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு அதில் பாதிகூட நிற்கவில்லை.

இதை நடைமுறையாக்க ஐந்து அறை கொண்ட அட்டைப்பெட்டி போதும். 1972-இல் செபாஸ்டியன் லைட்னர் சொன்ன முறை அது. சொல்லுக்கு ஓர் அட்டை, ஒரு பக்கம் ஸ்பானிஷ், மறுபக்கம் தமிழ். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த, அதிக இடைவெளியுள்ள அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்கே திரும்பும். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசமாகக் கிடைக்கும் ‘அன்கி’ என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். நாளுக்கு 10 முதல் 15 புது அட்டைக்கு மேல் சேர்க்காதீர்கள். நாள்தோறும் சேர்க்கும் புது அட்டை ஒன்றுக்குப் பின்னாளில் தினசரி எட்டுப் பத்து மறுபார்வை சேர்ந்துவிடும். ஆர்வத்தில் 40 சேர்ப்பவருக்கு ஒரு மாதத்தில் தினம் 300, 400 அட்டை வந்து நிற்கும், பெரும்பாலோர் கைவிடுவது அங்கேதான். குவிந்துவிட்டால் புதியதை நிறுத்துங்கள், மறுபார்வையை நிறுத்தாதீர்கள்.

அட்டையில் ‘மேசா’ என்று எழுதாமல் ‘லா மேசா’ என்றே எழுதுங்கள், ‘லா’ பெண்பாலைக் காட்டுவது. அஃறிணைக்குப் பால் கிடையாது என்று பழகிய நமக்கு அதைப் பின்னால் ஒட்டவைப்பது கடினம். தமிழைப் பார்த்து ஸ்பானிஷ் சொல்லும் திசையிலும் கேளுங்கள். மறுதிசையில் மட்டும் படித்தால் வாசிக்க வரும், பேச வராது. நிறங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில், இடமும் வலமும் ஒன்றாக என்று படிப்பது ஒழுங்காகத் தோன்றும், ஆனால் அவை ஒன்றோடொன்று குழம்பும். ‘இஸ்கியெர்தா’வைப் (இடது) படித்து ஒரு வாரம் போகட்டும், பிறகு ‘தெரெச்சா’ (வலது). ஏழெட்டு முறை தவறும் சொல்லை அதே அட்டையில் வைத்து மோதிப் பயனில்லை. ஒலியொத்த தமிழ்ச் சொல் ஒன்றைப் பிடித்துப் படமாக்குங்கள். ‘பாலா’ என்றால் மண்வெட்டி, பலாப்பழத்தை மண்வெட்டியால் பிளப்பதாக நினைத்துப் பார்த்தால் போதும். புதுச் சொல்லை இரவில் படித்து மறுநாள் காலையில் சோதித்துக்கொள்வது நல்லது. நடுவே வரும் தூக்கம் பதிவை உறுதியாக்கும்.

எத்தனை நாள் ஆகும்? அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் தன் ஊழியர்கள் அலுவல் தரத்தில் ஸ்பானிஷ் பேச 24 முதல் 30 வாரம், வகுப்பில் மட்டும் ஏறக்குறைய 600, 700 மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் ஒதுக்குபவருக்கு அது இரண்டு ஆண்டு. 30 நாளில் வருவது ஹோட்டலில் சாப்பாடு சொல்லி வாங்கும் ஸ்பானிஷ். அதைக் கேலி செய்ய வேண்டியதில்லை, முடித்துவிட்டோம் என்று நினைக்காமல் இருந்தால் சரி.

கேட்பதுதான் கடைசிவரை இழுக்கும். 2011-இல் வெளியான ஒப்பீட்டில் ஸ்பானிஷ் நொடிக்கு 7.82 அசை, ஆங்கிலம் 6.19. ஸ்பானிஷில் ஓர் அசை சுமக்கும் செய்தி குறைவு, அதனால் அசைகள் விரைந்து வருகின்றன. கூடவே சொற்கள் ஒட்டிக்கொள்கின்றன. உயிரும் உயிரும் சந்தித்தால் நாம் நடுவே ‘ய்’ அல்லது ‘வ்’ வைப்போம், அவர்கள் ஒன்றாகவே உருக்கிவிடுவார்கள். ‘பா ஆ ஆப்லார்’ (பேசப் போகிறான்) காதில் ‘பாப்லார்’ என்றுதான் விழும். அரை நிமிட ஒலிப்பதிவு ஒன்றை எழுத்து வடிவத்தோடு எடுங்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு எழுத்தில் ஒட்டிய இடங்களைக் கோடிட்டுப் பாருங்கள். பின்னர் பேசுபவருடன் சேர்ந்தே, பொருளைப் பற்றிக் கவலைப்படாமல், பத்து முறை சொல்லுங்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்கும் வசதியைத் தொடாதீர்கள். குறைத்தால் வரும் அசைகள் தெளிவாகும், ஆனால் ‘பாப்லார்’ அதே ‘பாப்லார்’தான், விழுங்கப்பட்ட உயிர் திரும்பி வராது.