லெப்டொப்போடு பக்கத்து வீட்டு பாஸ்வேர்டும் போகிறது

ஹட்டனில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருவர் அப்பாவோடு வந்தார். கொழும்பில் வாங்கிய பாவித்த லெப்டொப். வைஃபை அடிக்கடி அறுந்து போகிறதாம். "பழசெல்லாம் அழிச்சுத்தான் தந்தாங்க அண்ணே" என்றார் அந்தப் பிள்ளை.

உண்மைதான். ஒரு படம், ஒரு கோப்பு இல்லை. விற்றவரின் பயனர் கணக்கையும் நீக்கியிருந்தார்கள். ஆனால் சேமித்த வைஃபை பட்டியலைத் திறந்தால், பிள்ளை சேர்த்த இரண்டைத் தவிர 41 பெயர்கள். ஒரு போர்டிங், சில ஹோட்டல்கள், ஓர் அலுவலகம், குடும்பப் பெயரும் வீட்டு இலக்கமும் சேர்ந்த ஒன்று. முன்பின் தெரியாத ஒருவர் எங்கெங்கே தங்கினார், எங்கே வேலை செய்தார் என்பது மேசையில் விரிந்து கிடந்தது.

அவர்களுக்குக் காட்டுவதற்காக என் கடை வைஃபையை அதில் இணைத்து, அதன் விவரத்தில் பாஸ்வேர்டைக் காட்டும் பட்டனை அழுத்தினேன். முழு பாஸ்வேர்டும் திரையில் வந்தது. மற்ற 41இல் பாஸ்வேர்ட் சேமித்தவையும் பெரும்பாலும் அப்படித்தான் வரும் என்றதும் அப்பாவின் முகம் மாறிவிட்டது. விண்டோஸ் வைஃபை விவரங்களைப் பெரும்பாலும் கணினி முழுவதற்கும் பொதுவாகவே வைக்கிறது. அதனால்தான் கணக்கை நீக்கினாலும் அவை போவதில்லை.

நம் பக்கத்தில் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் ரவுட்டர் இருந்தால் நாலு வீட்டுப் பிள்ளைகள் அதில் படிப்பார்கள். நல்ல விஷயம், அது தொடரட்டும். ஆனால் பாஸ்வேர்ட் பல நேரம் அந்த வீட்டுக்காரரின் ஃபோன் நம்பராகவே இருக்கும். நீங்கள் லெப்டொப்பை விற்றால் அவருடைய பாஸ்வேர்டும் சேர்ந்து போகிறது.

விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், வைஃபைக்குள் 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' திறந்து, வேண்டாத பெயருக்குப் பக்கத்தில் 'ஃபர்கெட்' அழுத்துங்கள். டேட்டா போய்விடுமா என்று பலர் பயப்படுகிறார்கள். ஒன்றும் ஆகாது, மறுபடி வேண்டுமென்றால் பாஸ்வேர்டை அடித்தால் சரி. விற்பதாக இருந்தால் ரீசெட் செய்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். ஏற்கெனவே விற்றுவிட்டீர்களா? ரவுட்டர் வீட்டுக்காரரிடம் சொல்லி பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை.

பாஸ்வேர்ட் இல்லாத வைஃபைகளை முதலில் அழியுங்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவில் இணைத்த இலவச வைஃபையைக் கணினி பெயரை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. அதே பெயரை வேறு எவரும் வேறு எங்கும் வைக்கலாம். ஆட்டோ கனெக்ட் போட்டிருந்தால் உங்களைக் கேட்காமலே அதில் சேர்ந்துவிடும்.

அப்புறம், அந்தப் பிள்ளையின் லெப்டொப் ஏன் அறுந்தது? வீட்டு சிக்னல் ஒரு கணம் அறுந்ததும், மேல் லயத்துச் சித்தி வீட்டு ரவுட்டருக்குத் தாவி, அந்த மெல்லிய சிக்னலிலேயே நின்றுவிடுகிறது. 41 பெயர்களையும் என் கடைப் பெயரையும் அழித்தோம். இப்போது பட்டியலில் இரண்டே இரண்டு: வீடு, சித்தி வீடு. சித்தி வீட்டுக்கு மட்டும் ஆட்டோ கனெக்ட்டை எடுத்துவிட்டேன்.