மதியம் வாடும் செடிக்கு மூன்று வேளை தண்ணீர் வேண்டாம்

இந்த மே மாதத்தில் மட்டும் வாடிப்போய் என்னிடம் வந்த பதினோராவது செடி இது. ஏற்காடு மலர்க் கண்காட்சிக்குப் போய்விட்டு, திரும்பும்போது ஆசையாக ஹைட்ரேஞ்சியா என்ற மலைப் பூச்செடி ஒன்றை வாங்கி, 20 கொண்டை ஊசி வளைவும் மடியிலேயே வைத்துக்கொண்டு இறங்கி, அம்மாப்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் வைத்திருக்கிறார் ஒரு அம்மா. இரண்டு வாரம் கழித்து என்னிடம் தூக்கி வந்தார். "மூணு வேளையும் தண்ணி ஊத்துறேன் சார், அப்பவும் வாடுது." தொட்டியைக் கவிழ்த்தால் வேரெல்லாம் பழுப்பாகி, தொட்டாலே வழன்று வருகிறது.

மதியம் இரண்டு மணிக்கு இலை தொங்கினால் செடி தண்ணீர் கேட்கிறது என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை, சேலம் முழுக்க இதையே நம்புகிறார்கள். இலை ஆவியாக விடும் நீரை வேர் ஈடுகட்ட முடியாத நேரம் அது. மண்ணில் ஈரம் இருந்தாலும் தொங்கும், வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். அப்போதும் முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். ஈரமாக இருந்தால் கோளாறு வேரில் இருக்கிறது, அதற்கு மேல் ஊற்றுவது வேருக்குக் கிடைக்கும் கொஞ்சக் காற்றையும் அடைத்துவிடும். வேர் அழுகுவதால் வாடுகிறது, வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுகிறோம். அதுவும் மாடி டேங்கில் கொதித்துக் கிடக்கும் தண்ணீரை!

செடிக்குச் சூடு தெரியாமல் இல்லை. வெப்பம் ஏறிய சில நிமிடங்களிலேயே வெப்ப அதிர்ச்சிப் புரதங்களைத் தயாரிக்கத் தொடங்கும், சூட்டில் உருக்குலையும் மற்ற புரதங்களை அவை தாங்கிப் பிடிக்கும். வெளிச்சத்தை அறிய உதவும் பைட்டோகுரோம் என்ற நிறமியே வெப்பத்தையும் உணர்கிறது என்று 2016ல் கண்டறிந்தார்கள், எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை. ஆனால் இதற்கெல்லாம் செடிக்கு அவகாசம் வேண்டும். மிதமான சூட்டில் பழகிய செடி பிறகு கடும் சூட்டையும் ஓரளவு தாங்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. 1,000 மீட்டர் இறங்கினால் சுமார் 6 டிகிரி கூடும் என்று கணக்கு வைத்தாலும் ஒரு மணி நேரப் பயணத்தில் சூடு எவ்வளவு ஏறுகிறது பாருங்கள். போதாததற்குக் கத்திரி வெயிலில் சிமென்ட் தரை, கருப்புத் தொட்டி. இலையைவிட முதலில் வேகுவது வேர்தான்.

மலைச்செடியை ஒரு வாரம் கீழ்வீட்டு நிழலில் வையுங்கள். அப்புறம் காலை வெயில் மட்டும், முதலில் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். மாடியில் வைத்தே தீர வேண்டுமானால் ஷேடு நெட் கட்டி, தொட்டியைச் செங்கல் மேல் ஏற்றி, சுற்றிச் சாக்கு போடுங்கள். வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள், வாடிய செடிக்கு யூரியா போடவே போடாதீர்கள். கருகிய இலையையும் உடனே வெட்ட வேண்டாம், அடியில் இருக்கும் தளிருக்கு அதுதான் நிழல். மாடி நிறையப் பூ வேண்டுமென்றால் அரளி, காகிதப்பூ, இட்லிப்பூ வாங்குங்கள், சேலத்து வெயில் அவற்றுக்குப் பழக்கம்.

அந்த அம்மாவின் செடியில் அடித்தண்டை நகத்தால் சுரண்டினேன், உள்ளே இன்னும் பச்சை இருக்கிறது. அழுகிய வேரை நீக்கி, புது மண்கலவையில் நட்டு நிழலில் வைத்திருக்கிறேன். உங்கள் செடிக்கு என்னிடம் யோசனை கேட்பதானால், தயவுசெய்து மதியம் எடுத்த போட்டோவை அனுப்பாதீர்கள். காலை ஆறு மணிக்கு எடுத்து அனுப்புங்கள், கூடவே விரல் விட்டுப் பார்த்த மண் எப்படி இருந்தது என்றும் சொல்லுங்கள்.