சீஸ் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி எப்படி வந்தது?

அடுத்த முறை கடையில் சீஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பால், உப்பு என்று வரிசையாகப் போகும் பட்டியலில் 'மைக்ரோபியல் ரெனெட்', அதாவது நுண்ணுயிர் தரும் ரெனெட், என்று சிறிய எழுத்தில் பெரும்பாலும் இருக்கும். முன்பக்கத்தில் சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி போட முடிவதற்குக் காரணம் அந்த இரண்டு சொற்கள்தான்.

ரெனெட் என்பது பாலைக் கட்டியாக உறையவைக்கும் பொருள். ஐரோப்பாவில் பல நூறு ஆண்டுகளாக அது பால்குடி மறக்காத கன்றுக்குட்டியின் நான்காவது இரைப்பையிலிருந்து வந்தது. கன்றை அறுத்து, இரைப்பையை உப்பு நீரில் ஊறவைத்துச் சாறு எடுப்பார்கள். டென்மார்க்கில் கிறிஸ்டியன் ஹேன்சன் என்பவர் 1874இல் இதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கி, எப்போது வாங்கினாலும் ஒரே வீரியம் உள்ள சாறாக விற்க ஆரம்பித்தார்.

எலுமிச்சம்பழம் பிழிந்தாலே பால் திரிந்து பன்னீர் ஆகிவிடுகிறதே, அப்புறம் கன்றின் வயிறு எதற்கு? இந்தக் கேள்விக்குப் பதில் பாலுக்குள்ளேயே இருக்கிறது.

பசும்பாலில் இருக்கும் புரதத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் கேசீன். அது தனித்தனி மூலக்கூறாக மிதப்பதில்லை. ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளும் கால்சியம் பாஸ்பேட்டும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உருண்டைகளாக மிதக்கின்றன. ஒவ்வொரு உருண்டைக்கும் வெளியே மெல்லிய ரோமம்போல ஒரு போர்வை உண்டு. கப்பா கேசீன் என்ற புரதத்தின் வால்பகுதிதான் அந்த ரோமம். அதில் எதிர்மின்சுமை அதிகம். அதனால் ஓர் உருண்டை இன்னொன்றை நெருங்க விடாது. பால் பாலாகவே இருப்பதற்கு இந்த ரோமம்தான் காவல்.

புளிப்பைச் சேர்த்தால் அந்த மின்சுமை அடங்கிவிடும். உருண்டைகள் ஒட்டிக்கொள்ளும், பால் திரியும். ஆனால் புளிப்பு கால்சியத்தையும் கரைத்து, திரிந்த பாலிலிருந்து பிரியும் தெளிநீரோடு அனுப்பிவிடுகிறது. அதனால்தான் பன்னீரை எவ்வளவு சூடாக்கினாலும் அது உருகி இழுபடாது. ரெனெட் வேறு வழியில் வேலை செய்கிறது. அதிலுள்ள கைமோசின் என்ற நொதி ரோமத்தைச் சிரைத்துவிடுகிறது! கால்சியம் உள்ளேயே தங்கி, மொட்டையான உருண்டைகளைப் பின்னிப் பிணைக்கிறது. அரை மணி நேரம் போல ஆனதும் ஒரு தொட்டிப் பாலைக் கத்தியால் துண்டுபோடலாம். பீட்சாவின் மேல் நூலாக நீளும் சீஸ் இந்த வழியில் வந்ததுதான்.

இதில் அருமையான விஷயம், அந்த வெட்டு எவ்வளவு துல்லியமானது என்பது. கப்பா கேசீன் 169 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. கைமோசின் அதில் 105ஆவதற்கும் 106ஆவதற்கும் நடுவில் வெட்டுகிறது. ஃபினைல்அலனினும் மெத்தியோனினும் கைகோத்திருக்கும் இடம் அது. கைமோசினுக்கு இரண்டு மடல்கள், நடுவில் ஒரு பள்ளம். ஒவ்வொரு மடலும் ஓர் அஸ்பார்ட்டிக் அமிலத்தை நீட்டி, இரண்டும் சேர்ந்து ஒரே ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கின்றன. கேசீன் சங்கிலி பள்ளத்துக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த நீரை வைத்தே பிணைப்பை உடைக்கின்றன. 64 அமினோ அமிலங்கள் கொண்ட வால் கழன்று தெளிநீரில் போய்விடுகிறது.

வேறு இடங்களிலும் வெட்டினால் என்ன? இரண்டு நஷ்டம். துண்டுபட்ட புரதம் தெளிநீரோடு ஓடி, கிடைக்கும் சீஸின் அளவு குறையும். சீஸ் பழுக்கப் பழுக்கக் கசப்பும் ஏறும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சீஸ் தேவை கூடி, கன்று இரைப்பை போதாமல் போனபோது இது பெரிய சிக்கலாக வந்து நின்றது. 1960களில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கெய் அரிமாவும் அவர் குழுவினரும் மியூக்கர் என்ற பூஞ்சையில் பாலை உறையவைக்கும் ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். அது சைவம், விலையும் மலிவு. ஆனால் கண்ட இடத்திலும் வெட்டும். தெளிநீரைச் சூடாக்கினாலும் செயலிழக்காமல் அதில் தங்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவற்றால் அதன் மெத்தியோனின்களை ஆக்சிஜனேற்றி, சூடு தாங்காதபடி பலவீனமாக்கும் முறைகளுக்குக் காப்புரிமைகள் வாங்கினார்கள். மரபணுவைத் தொடாமலே ஒரு புரதத்தைத் திருத்தியது அது. புரதப் பொறியியலின் தொடக்க முயற்சிகளில் அதற்கும் இடம் உண்டு என்பேன்.

1980களின் தொடக்கத்தில் கன்றின் கைமோசின் மரபணுவைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். முதலில் அதை ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். பாக்டீரியா புரதத்தை மலைபோல் செய்தது, ஆனால் சரியாக மடிக்கத் தெரியாமல் கட்டிகட்டியாகத் தனக்குள்ளேயே குவித்து வைத்தது. அந்தக் கட்டிகளைக் கரைத்து, மறுபடி மடியவைத்துத்தான் எடுக்க முடிந்தது. அப்படி ஃபைசர் நிறுவனம் செய்த கைமோசினுக்கு 1990 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. மரபணு மாற்றிய உயிரியிடமிருந்து வந்த பொருள் ஒன்றுக்கு அங்கே உணவில் சேர அனுமதி கிடைத்தது அதுவே முதல் முறை.

ஈஸ்ட் இந்தச் சங்கடத்தைத் தீர்த்தது. ரொட்டிக்குப் போடும் வழக்கமான ஈஸ்ட் இல்லை. அது கைமோசினைச் செய்தாலும் வெளியே விடுவது குறைவு. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்த கிஸ்ட்-ப்ரோகேட்ஸ் நிறுவனம் குளூவெரோமைசிஸ் லாக்டிஸ் என்ற ஈஸ்ட்டைத் தேர்ந்தெடுத்தது. பால் பொருட்களில் வளரும் இது, பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று வாழும். லாக்டோஸ் கிடைத்ததும் அதைச் செரிக்கும் நொதியின் மரபணு அதற்குள் முடுக்கிவிடப்படும். ஆய்வாளர்கள் அந்த மரபணுவின் சுவிட்சை மட்டும் எடுத்து, அதன் பின்னால் கன்றின் மரபணுவை ஒட்டினார்கள். முன்னால் ஒரு சிறு புரதத் துண்டையும் சேர்த்தார்கள். 'இது வெளியே போகவேண்டிய சரக்கு' என்று செல்லுக்குச் சொல்லும் முகவரிச் சீட்டு அது.

ஈஸ்ட் அந்தப் புரதத்தைச் செம்மையாக மடித்து, தொட்டியின் திரவத்தில் விட்டது. வரும்போது அது வெட்டாது. 42 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு மூடி பள்ளத்தை அடைத்திருக்கும். திரவத்தைப் புளிப்பாக்கினால் மூடி தானே கழன்றுவிடும். கன்றின் வயிற்றில் நடப்பதும் இதுதான். பிறகு ஈஸ்ட்டைக் கொன்று வடிகட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சும் கைமோசின், கன்று தரும் அதே அமினோ அமில வரிசை கொண்டது.

சரி, இயற்கையில் இருக்கும் நொதிக்கு யாரும் எப்படி உரிமை கோரலாம்? கோரப்படுவது பெரும்பாலும் அந்தச் சுவிட்ச், சீட்டு, மரபணு, ஈஸ்ட் எல்லாம் சேர்ந்த அமைப்புக்குத்தான். இதற்கு நெடிய பின்கதை உண்டு. நோய்க்கிருமி கலக்காத ஈஸ்ட்டை ஒரு தயாரிப்பாகக் காட்டி லூயி பாஸ்டர் 1873இலேயே அமெரிக்கக் காப்புரிமை வாங்கியிருந்தார். 1980இல், இந்தியாவில் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி உருவாக்கிய, கச்சா எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா பற்றிய வழக்கில், மனிதர் உருவாக்கிய உயிருக்கும் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பே பாஸ்டரின் ஈஸ்ட்டை நினைவுபடுத்துகிறது. நம் இந்தியச் சட்டம் செடிக்கும் விலங்குக்கும் காப்புரிமை தருவதில்லை. நுண்ணுயிருக்கு அந்தத் தடை இல்லை, ஆனால் இயற்கையில் உள்ளதைக் கண்டுபிடித்தது மட்டும் போதாது. உரிமை 20 ஆண்டு. அதற்கு ஈடாக, செய்முறையை மற்றவர் செய்து பார்க்கும் அளவுக்கு எழுதித் தரவேண்டும். இந்தப் பண்டமாற்றை நான் பெரிதாக மதிக்கிறேன். இல்லாவிட்டால் இதெல்லாம் தொழிற்சாலைச் சுவருக்குள்ளேயே புதைந்திருக்கும்.

அடுத்த திருப்பத்தை ஒட்டகம் கொடுத்தது. கன்றின் ரெனெட்டை ஊற்றினால் ஒட்டகப் பால் சரியாக உறையாது. அதனால் ஒட்டகத்தின் கைமோசினைத் தேடிப் போனவர்களுக்கு எதிர்பாராத ஒன்று கிடைத்தது. பசும்பாலைப் பசுவின் நொதியைவிட ஒட்டகத்தின் நொதி நன்றாக உறையவைத்தது! உறையவைக்கும் திறன் சுமார் 70 சதவீதம் அதிகம், கண்ட இடத்தில் வெட்டும் குணம் நாலில் ஒரு பங்கு. இரண்டு நொதிகளின் வரிசையும் 85 சதவீதம் ஒன்றுதான். மீதி 15 சதவீதத்தில் எங்கோ இந்த வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. ஒட்டக நொதியின் மேற்பரப்பில் நேர்மின்சுமைத் திட்டுகள் இருப்பதை அதன் படிக அமைப்பு காட்டியது. ரோமத்தின் எதிர்மின்சுமையை அவை இழுத்துப் பிடிக்கலாம் என்பது ஒரு விளக்கம். ஹேன்சன் தொடங்கிய அதே நிறுவனம் இதைக் காப்புரிமையோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. அவர்கள் இதை ஈஸ்ட்டில் செய்யவில்லை, ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையில் செய்தார்கள். அதன்பின் வந்த காப்புரிமைகள் இன்னும் நுணுக்கமானவை: இத்தனையாவது இடத்தில் இருக்கும் அமினோ அமிலத்தை எடுத்துவிட்டு இதைப் போடு என்று ஒவ்வோர் எழுத்தாக மாற்றிப் பார்க்கிறார்கள்.

பசும்பாலுக்கு இவ்வளவு லாபம் தந்த அந்த நொதி, தேடலைத் தொடங்கிவைத்த ஒட்டகப் பாலையும் உறையவைக்கிறது. குஜராத்தின் கட்ச் பகுதியில் மேய்ப்பவர்கள் கறக்கும் ஒட்டகப் பால் இப்போது பாட்டிலில் விற்பனைக்கு வருகிறது. அதைச் சீஸாக்க நினைப்பவருக்கு எந்தக் குட்டியின் வயிறும் தேவைப்படாது.