கணவன், மனைவி, ஒரு பெட்டகம்: பாஸ்வேர்ட் மனேஜருக்குள் பகிர்வு நடக்கும் விதம்

"இஞ்சாருங்கோ, நெட் பில் கட்டுற பாஸ்வேர்ட் என்ன?" என்று கோண்டாவிலில் இருந்து மனைவி கேட்பார். தோகாவில் வேலை முடித்து வந்த கணவர் அதை வட்ஸ்அப்பில் தட்டி அனுப்புவார். யாழ்ப்பாணத்தில் பல வீடுகளில் கடவுச்சொல் பகிர்வு என்பது இவ்வளவுதான். வட்ஸ்அப் செய்தி வழியில் யாரும் வாசிக்க முடியாதபடி குறியாக்கப்பட்டுத்தான் போகிறது. அதில் குறை இல்லை. தொல்லை போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. இரண்டு போன்களிலும் அது வெறும் எழுத்தாகக் கிடக்கும். திரை உடைந்தால் அதே போனைக் கஸ்தூரியார் வீதியில் திருத்தக் கொடுக்கிறோம், பூட்டுத் திறக்கும் இலக்கத்தையும் ஒரு துண்டில் எழுதி ஒட்டிக் கொடுக்கிறோம். கடைப் பையன் நல்லவனாகவே இருக்கட்டும். தேடும் இடத்தில் "பாஸ்வேர்ட்" என்று தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும்.

இதற்குப் பதிலாகத்தான் பாஸ்வேர்ட் மனேஜர்: எல்லாக் கடவுச்சொற்களையும் பூட்டிய ஒரு பெட்டகத்தில் வைத்து, முதன்மைக் கடவுச்சொல் என்ற ஒரே ஒன்றால் திறக்கும் மென்பொருள். ஆனால் அதை நிறுவும் தம்பதிகளில் அநேகர் செய்வது என்னவென்றால், ஒரு கணக்குத் திறந்து, ஒரே முதன்மைக் கடவுச்சொல்லை இருவரும் வைத்துக்கொண்டு, வீட்டில் உள்ள எல்லாப் போனிலும் லாப்டொப்பிலும் உள்நுழைந்துவிடுவது. அது வேலை செய்யும். என்றாலும் இருவருக்கும் தனித்தனிக் கணக்கும், நடுவில் ஒரு பொதுப் பெட்டகமும் இருப்பதே நல்லது என்பேன். ஏன் என்பது உள்ளே நடக்கும் கணக்கைப் பார்த்தால் விளங்கும்.

பிட்வார்டன் என்ற மனேஜரை எடுத்துக்கொள்வோம். அதன் நிரல் எல்லோரும் பார்க்கக்கூடியது என்பதால் உள்ளே நடப்பதைத் தைரியமாகச் சொல்லலாம். நீங்கள் முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டியதும் அது அப்படியே அந்த நிறுவனத்தின் சேர்வருக்குப் போவதில்லை. உங்கள் மின்னஞ்சல் முகவரியையும் சேர்த்து, போனே அதை ஒரு கணிதச் சல்லடைக்குள் 6 இலட்சம் முறை போட்டு எடுக்கிறது. வெளியே வருவது 256 பிட் நீளமான ஒரு திறப்பு. உங்களுக்கு இதெல்லாம் கண்மூடித் திறக்கும் நேரம். திருடனுக்கோ ஒவ்வொரு ஊகத்துக்கும் அதே 6 இலட்சம் சுற்று. வேண்டுமென்றே மந்தமாக்குவதுதான் இங்கே பாதுகாப்பு. 2015ஆம் ஆண்டு கடவுச்சொல் குறியாக்கப் போட்டியில் வென்ற ஆர்கன்2 என்ற முறை இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு ஊகத்துக்கும் நிறைய நினைவகத்தையும் கேட்கிறது. அதனால் கிராபிக்ஸ் அட்டைகளை அடுக்கிவைத்து ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் ஊகிப்பது செலவு பிடித்த வேலையாகிவிடுகிறது.

இந்த 256 பிட் திறப்பால் பெட்டகத்தை நேரே பூட்டுவதில்லை. எழுந்தமானமாக உருவாக்கிய இன்னொரு திறப்பு இருக்கிறது. பெட்டகத்தில் உள்ளவை அதனால்தான் பூட்டப்படுகின்றன. முதலாவது திறப்பு செய்வதெல்லாம் இரண்டாவதைப் பூட்டி வைப்பதுதான். சுற்றி வளைப்பது போலத் தெரியும், ஆனால் முதன்மைக் கடவுச்சொல்லை மாற்றும்போது பெட்டகம் முழுவதையும் திரும்பப் பூட்டத் தேவையில்லை, அந்தச் சின்னத் திறப்பை மட்டும் புதிதாகப் பூட்டினால் போதும். பகிர்வும் இந்த உத்தியின் மேல்தான் நிற்கிறது.

இங்கே தமிழ் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதன்மைக் கடவுச்சொல்லைத் தமிழ் எழுத்திலேயே வைக்கலாமே என்று ஆசை வரும். எழுத்துகளைக் கணினிக்குள் எண்களாகப் பதியும் முறையான யுனிகோட்டில் "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகப் பதியலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று, கொம்பையும் அரவையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றது. திரையில் இரண்டும் ஒன்றுதான். உள்ளே பைட்டுகள் வேறு. "ஸ்ரீ" எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. ஒரு பிட் மாறினாலும் சல்லடைக்கு வெளியே வரும் திறப்பு அடியோடு மாறிவிடும். மென்பொருள் முதலில் இவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், போன் விசைப்பலகையில் தட்டிய அதே சொல் லாப்டொப்பில் "தவறான கடவுச்சொல்" ஆகிவிடலாம். ஆகவே ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். சொற்கள் தமிழாகவே இருக்கட்டும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்கள். 7,776 சொற்கள் உள்ள பட்டியலில் இருந்து ஆறு பக்கத் தாயக்கட்டை உருட்டி நாலு சொல் எடுத்தால் சாத்தியங்கள் சுமார் 3,656 இலட்சம் கோடி. பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மனேஜர் நிறுவனத்தில் இருந்து வாடிக்கையாளர்களின் பூட்டிய பெட்டகங்களே திருடு போயின. வலுவான முதன்மைக் கடவுச்சொல் வைத்தவர்களுக்குப் பூட்டு காவலாக நின்றது. மெலிந்தது வைத்தவர்களையும், சல்லடைச் சுற்று குறைவாகவே விடப்பட்டிருந்த பழைய கணக்குக்காரரையும் அது அவ்வளவாகக் காக்கவில்லை. இன்னொன்று: அந்தப் பெட்டகங்களில் இணைய முகவரிகள் பூட்டப்படாமலே இருந்தன. யார் எந்த வங்கிக்குப் போகிறார் என்பது கள்ளனுக்குத் தெரிந்துவிட்டது.

சரி, இனிப் பல கருவிகள். புதிய போனில் உள்நுழையும்போது சேர்வர் பூட்டிய பொதியை அப்படியே இறக்கித் தருகிறது. திறப்பை அந்தப் போன் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. ஐந்து கருவி என்றால் ஐந்து பூட்டிய பிரதிகள். அதனால்தான் கரண்டும் சிக்னலும் போன இரவிலும், ஏற்கெனவே உள்நுழைந்திருக்கும் போனில் கடவுச்சொல்லைப் பார்க்கலாம். பிட்வார்டனில் அந்த நேரம் பார்க்க மட்டும்தான் முடியும், திருத்த முடியாது. விரல் வைத்துத் திறப்பவர்கள் விரல்ரேகையே திறப்பு என்று நினைப்பதுண்டு. போனுக்குள் உள்ள பாதுகாப்பான பகுதி ஒன்று திறப்பை வைத்திருந்து, விரல் பொருந்தினால் விடுவிக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது பகிர்வு. பொதுப் பெட்டகம் ஒன்றை உருவாக்கியதும் அதற்கென்று ஒரு தனித் திறப்பு பிறக்கிறது. இதை மனைவியிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? வட்ஸ்அப்பில் அனுப்பினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம். சேர்வரிடம் திறந்தபடி கொடுத்தால் சேர்வரும் பார்த்துவிடும். இந்த முடிச்சை அவிழ்ப்பது 1977இல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் கண்டுபிடித்த ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறை. ஒவ்வொரு கணக்குக்கும் சோடியாக இரண்டு திறப்புகள் உண்டு. கோயில் உண்டியலில் யாரும் காசு போடலாம், எடுப்பதற்குத் திறப்பு உள்ளவர் வரவேண்டும். மனைவியின் பொதுத் திறப்பு அந்த உண்டியல் வாய் மாதிரி. கணவரின் போன் அதைச் சேர்வரில் இருந்து வாங்கி, பெட்டகத் திறப்பை அதற்குள் போட்டுவிடுகிறது. எடுக்க மனைவியின் தனித் திறப்பு வேண்டும். அது மனைவியின் முதன்மைக் கடவுச்சொல்லுக்குப் பின்னால் பூட்டியிருக்கிறது. பொதுத் திறப்புக்குள் இருப்பது இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கம். அவற்றைப் பெருக்குவது கணினிக்குச் சுலபம். விடையாக வந்த 617 இலக்க எண்ணைப் பார்த்து அந்த இரண்டும் எவை என்று சொல்வது இன்றைய கணினிகளுக்கு ஆகாத காரியம். முழுப் பாதுகாப்பும் அந்த ஏற்றத்தாழ்வில்தான் இருக்கிறது.

இதன்பின் கணவர் புதிய வைஃபை கடவுச்சொல்லைப் பொதுப் பெட்டகத்தில் போட்டால் அது ஒரே ஒரு முறை பூட்டப்படும், இருவரும் திறக்கலாம். ஒருவரின் முதன்மைக் கடவுச்சொல் மற்றவருக்குத் தெரியவே வேண்டாம். அலுவலக மின்னஞ்சலோ, நண்பிகளோடு போடும் சீட்டுக் கணக்கோ அவரவர் தனிப் பெட்டகத்தில் இருக்கலாம். ஒருவர் போனைத் தொலைத்தால் அவரது கணக்கை மட்டும் கவனித்தால் போதும். ஒரே கணக்கில் இருவரும் இருந்தால் இந்த வசதி எதுவும் இல்லை.

ஒரு ஓட்டை மட்டும் மிச்சம். சேர்வர் மனைவியின் பொதுத் திறப்பு என்று சொல்லி வேறொருவருடையதை நீட்டினால்? அதற்குத்தான் பிட்வார்டன் ஒவ்வொரு கணக்குக்கும் ஐந்து ஆங்கிலச் சொற்களைக் கொண்ட ஒரு தொடரைக் காட்டுகிறது. வீடியோ அழைப்பில் கோண்டாவில் வாசிக்க, தோகா தன் திரையில் ஒத்துப் பார்க்க வேண்டும். அரை நிமிட வேலை. அநேகமாக எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பகிர்வை நிறுத்துவது பற்றியும் சொல்லவேண்டும், பிரிவு எல்லா ஊரிலும் உண்டு. ஒருவரை நீக்கினால் சேர்வர் இனிமேல் அவருக்கு எதுவும் தராது. ஆனால் அவர் ஏற்கெனவே பார்த்ததை எந்தக் கணிதத்தாலும் திரும்பப் பிடுங்க முடியாது. அந்தந்தத் தளத்தில் போய்க் கடவுச்சொல்லை மாற்றுவதுதான் வழி.

செலவைப் பொறுத்தவரை, பிட்வார்டனில் இருவர் பகிர்வது இலவசம். ஐபோனில் 2023இல் வந்த ஐஓஎஸ் 17 முதல் கடவுச்சொற்களைக் குழுவாகப் பகிரும் வசதி உள்ளேயே இருக்கிறது. ஆனால் எங்கள் வீடுகளில் கனடா அண்ணா அனுப்பிய ஐபோன் ஒன்றும் மிச்சமெல்லாம் ஆண்ட்ராய்டுமாகத்தானே இருக்கும். இன்னொன்று கீபாஸ் வகை மனேஜர்: பெட்டகம் முழுவதும் ஒரே கோப்பு, அதைக் கூகுள் டிரைவில் வைத்து இருவரும் திறப்பது. தனி ஆளுக்கு அருமையானது. இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் டிரைவுக்குத் தெரிவது பூட்டிய பைட்டுகள் மட்டுமே, எந்தப் பதிவு மாறியது என்று அதற்குத் தெரியாது. இரண்டு பிரதிகள் உருவாகும், அல்லது ஒன்று மற்றதை விழுங்கும். பதிவு பதிவாக ஒன்றுசேர்க்கும் வசதி அந்த வகையைச் சேர்ந்த கீபாஸ் எக்ஸ்சியில் இருக்கிறது, ஆனால் அதைச் செய்ய வீட்டில் ஒருவருக்குப் பொறுமை வேண்டும்.

கடவுச்சொல்லைப் பகிர்ந்த பிறகும் ஓ.டி.பி (ஒரு முறைக் குறியீடு) என்ற வாசல் இருக்கிறது. எஸ்எம்எஸ் ஒரு சிம்முக்கு மட்டுமே வரும், அந்தச் சிம் தோகாவில் அணைந்து கிடக்கலாம். போனில் உள்ள செயலி ஒன்று காட்டும், 30 விநாடிக்கொரு முறை மாறும் ஆறிலக்கக் குறியீடு அப்படியில்லை. தொடக்கத்தில் கியூஆர் படமாகக் காட்டப்படும் இரகசிய எண்ணையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்துக் கலக்கினால் வருவது அது. அதே இரகசியம் இரண்டு போனிலும் இருந்தால், இணையம் இல்லாமலே, இரண்டிலும் ஒரே இலக்கம் வரும். இணையக் கட்டணம், பிள்ளையின் வகுப்புக் கணக்கு போன்றவற்றுக்கு இது நன்று. வங்கிக்கு வேண்டாம். கூட்டுக் கணக்கென்றால் இருவருக்கும் தனித்தனி உள்நுழைவு கேட்டு எடுப்பதே முறை.

கடைசியாக, முதன்மைக் கடவுச்சொல்லை மறந்தால் அல்லது ஆளே இல்லாமல் போனால் என்ன செய்வது? சேர்வரிடம் திறப்பு இல்லை என்பதால் அதனால் புதுப்பித்துத் தரவும் முடியாது. பிட்வார்டனின் கட்டணத் திட்டத்தில் அவசர அணுகல் என்ற வசதி உண்டு. கணவரின் திறப்பு மனைவியின் பொதுத் திறப்பால் முன்கூட்டியே பூட்டப்பட்டுச் சேர்வரில் கிடக்கும். மனைவி கேட்டு, குறித்த நாட்களுக்குள் கணவர் மறுக்காவிட்டால் கையில் வரும். அந்தக் காத்திருப்பு கணிதம் இட்ட பூட்டு இல்லை, சேர்வர் கடைப்பிடிக்கும் விதி என்பதை நினைவில் வைத்திருங்கள்.

அதைவிட எளிது கடதாசி. காணி உறுதி இருக்கும் அலுமாரிக்குள் எந்த நாட்டு ஹக்கரும் இணையம் வழியாக வரமுடியாது. இருவருடைய மின்னஞ்சல் முகவரி, முதன்மைக் கடவுச்சொல், அத்தோடு மனேஜருக்குள் நுழையக் கடவுச்சொல்லுக்குப் பின் கேட்கும் இரண்டாம் படிக்கான (ஆறிலக்கக் குறியீட்டுக்கான) மீட்புக் குறியீடு ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். போன் தொலைந்த அன்று கடவுச்சொல் சரியாக இருந்தும் மனேஜர் அந்தத் தொலைந்த போனில் உள்ள ஆறிலக்கத்தைக் கேட்டு நிற்கும். பிட்வார்டனில் மீட்புக் குறியீடு ஒரு முறைக்குத்தான் செல்லும், பாவித்ததும் புதியதை எடுத்து அதே கடதாசியில் பழையதை வெட்டி எழுதிவிடுங்கள்.