பிரேஸ்லெட் கோக்கத் தொடங்கும் முன்: ஒரு தோல் மருத்துவரின் குறிப்புகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பகுதிகளில் வீட்டிலிருந்தபடியே பிரேஸ்லெட் செய்து வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக விற்கும் பெண்களை இப்போது அதிகமாகவே பார்க்க முடிகிறது. தோல் சிகிச்சைக்காக என்னிடம் வருபவர்களில் அவற்றைச் செய்பவர்களும் உண்டு. வாங்கி அணிந்து அவதிப்படுபவர்களும் உண்டு. இரு தரப்பையும் பார்த்துவரும் நான், புதிதாகத் தொடங்குபவர்களிடம் சொல்வது ஒன்றுதான்: நிறத்தையும் வடிவத்தையும் முடிவு செய்யும் முன், தோலில் நாள் முழுவதும் உரசப்போகும் பொருள் எது என்பதை முடிவு செய்யுங்கள்.

மணிக்கட்டின் உட்புறத்தில், கொக்கி படும் இடத்தில் மட்டும், கடுகளவுக் கொப்புளங்களோடு சிவந்து அரிக்கும் தடிப்பை நான் அடிக்கடி பார்க்கிறேன். மணிகள் படும் மற்ற இடமெல்லாம் தெளிவாக இருக்கும். இதற்குப் பெரும்பாலும் காரணம் நிக்கல். பொன்னிறமாக மின்னும் மலிவான கொக்கிகளிலும் இணைப்பு வளையங்களிலும் மேற்பூச்சுக்கு அடியில் நிக்கல் பூச்சு இருப்பது வழக்கம். மின்முலாம் பூச்சைப் பற்றி ஆராயும் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற காரைக்குடிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. மேற்பூச்சு தேய்ந்ததும் நம் ஊர் வெயிலில் ஊறும் வியர்வை நிக்கலைக் கரைத்துத் தோலுக்குள் செலுத்துகிறது. ‘ஜெர்மன் சில்வர்’ என்று விற்கப்படுவது செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம். அதில் வெள்ளி கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் தோலில் நீண்ட நேரம் படும் பொருள்களிலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக் கூடாது என்று வரம்பு விதித்திருப்பதிலிருந்தே இதன் தீவிரம் விளங்கும்.

இந்த ஒவ்வாமை அணிந்தவுடன் தெரிவதில்லை. ஒன்று முதல் மூன்று நாள் கழித்தே வெளிப்படும் என்பதால், பலர் அதற்கு முந்தைய நாள் சாப்பிட்ட கத்தரிக்காயின் மீதோ கருவாட்டின் மீதோ பழியைப் போடுகிறார்கள். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுவதும் நீடிக்கும். அதே சமயம், பித்தளையோ செம்போ அணிந்த கையில் பச்சையாகக் கறை படிவது ஒவ்வாமை அல்ல. வியர்வையோடு செம்பு சேர்ந்து உண்டாகும் உப்பு அது, சோப்புப் போட்டால் போய்விடும்.

ஆகவே முதல் பிரேஸ்லெட்டை உலோகமே இல்லாமல் செய்யுங்கள். மெழுகு பூசிய பருத்தி நூலும், கண்ணாடி அல்லது மர மணிகளும் போதும். கண்டாங்கிச் சேலையின் அரக்கும் மஞ்சளும் கறுப்பும் சேர்ந்த நூல்களே கண்ணுக்கு நிறைவாக இருக்கும். மணிக்கட்டு எலும்பை ஒட்டி நாடாவால் அளந்து, அந்த அளவோடு ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். 17 செ.மீ. நீளத்துக்கு 6 மி.மீ. மணியானால் 28, 8 மி.மீ. மணியானால் 21 பிடிக்கும். மணி பெரிதாக ஆக உட்சுற்று குறையும் என்பதால் இன்னும் ஒன்றிரண்டு சேர்க்க வேண்டியிருக்கும். கோத்து முடித்ததும் நூலின் இரு முனைகளையும் எதிரெதிராக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, சுமார் 25 செ.மீ. நீளமுள்ள தனி நூலால் அவற்றைச் சுற்றி நான்கைந்து முடிச்சுப் போடுங்கள். ஒருமுறை இடப்பக்க நூல் மேலே வந்தால் அடுத்தமுறை வலப்பக்க நூல் மேலே வர வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து தொடர்ந்தால் முடிச்சு வரிசை திருகிக்கொள்ளும். முனைகளை இழுத்தால் பிரேஸ்லெட் இறுகும், மணிகளை இழுத்தால் தளரும். கொக்கிக்கு வேலையே இல்லை. எலாஸ்டிக் கயிறு எளிதென்று தோன்றும். ஆனால் கோப்பதற்கு முன் அதை நன்றாக இழுத்துவிடாவிட்டால் சில வாரங்களில் தொய்ந்துவிடும்.

கொக்கி வேண்டும் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு 92.5 வெள்ளியையோ, 316எல் தரத் துருப்பிடிக்காத எஃகையோ வையுங்கள். அந்த எஃகிலும் நிக்கல் உண்டென்றாலும் அது இறுகப் பிணைந்திருப்பதால் மிகச் சொற்பமாகவே வெளியேறும். விற்கும்போது கொக்கி என்ன உலோகம் என்று அட்டையில் எழுதிக் கொடுப்பது நல்லது. தெரியாவிட்டால் ‘நிக்கல் அற்றது’ என்று எழுதாதீர்கள்.

காய்ந்த பூவிதழ்களை ரெசினில், அதாவது திரவமாக ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசினில், உறையவைத்து மணியாக்குவதில் ஆர்வம் பெருகியிருக்கிறது. இறுகி முடிந்த ரெசின் பொதுவாகத் தொல்லை தராது. இறுகாத திரவம் வேறு. எபாக்சியோ யுவி விளக்கில் இறுகும் வகையோ, அது விரல்நுனியில் மீண்டும் மீண்டும் பட்டால் ஒவ்வாமை உருவாகி, விரல்கள் வெடித்து, கண் இமைகள் வீங்கும். யுவி ரெசினில் இருக்கும் அக்ரிலேட் வகைப் பொருள்களே பற்களை அடைக்கும் பூச்சிலும் இருப்பதால், இந்த ஒவ்வாமை பல் சிகிச்சையிலும் தொந்தரவு தரலாம். காற்றோட்டமான இடத்தில், நைட்ரைல் கையுறை அணிந்து, கையுறையில் திரவம் பட்டவுடனே அதை மாற்றிவிட்டு வேலை செய்யுங்கள். அக்ரிலேட் மெல்லிய கையுறையைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும்.

இயற்கையான விதைகள் என்றால் பாதுகாப்பானவை என்று எண்ணுவோர் குன்றிமணியைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு மண் பிள்ளையாரின் கண்ணாக நாம் பதிக்கும் அதே விதைதான். அதிலுள்ள அப்ரின் என்ற நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. முழு விதையை விழுங்கினால் கடினமான ஓடு ஓரளவு காப்பாற்றும்; கோப்பதற்காகத் துளையிட்ட விதையில் அந்தக் காப்பு போய்விடுகிறது. துளையிடும்போது பறக்கும் தூளும் ஆபத்தானது. 2011-இல் இங்கிலாந்தில் இந்த விதையால் செய்த பிரேஸ்லெட்டுகள் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தயவுசெய்து இதைப் பிரேஸ்லெட்டில் கோக்கவே வேண்டாம்.

குழந்தைகளுக்குச் செய்வதில் நான் கண்டிப்பானவன். பாட்டிமார் ஆசையோடு கட்டும் வசம்பு வளையலிலிருந்து ஒரு துண்டு கழன்றாலும் அது நேரே வாய்க்குத்தான் போகும். அங்கிருந்து மூச்சுக்குழாயில் சிக்கலாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மணி கோத்த எதையும் செய்து கொடுக்காதீர்கள். காந்தக் கொக்கியும் வேண்டாம். இரண்டு காந்தங்கள் வயிற்றுக்குள் போனால் குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து ஒட்டிக்கொண்டு ஓட்டையே போட்டுவிடும். எடைக்கு விற்கும் பழைய தொங்கட்டான்களில் ஈயம் இருக்கக்கூடும். 2006-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், பிரேஸ்லெட்டில் தொங்கிய, ஏறக்குறைய முழுவதும் ஈயமான ஒரு தொங்கட்டானை விழுங்கிய நான்கு வயதுக் குழந்தை இறந்துபோனது.

அணிந்த இடத்தில் அரிப்பு வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் வீரியமான ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அரிப்பு அடங்கியதுபோல் தோன்றினாலும், தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். மருத்துவரிடம் வரும்போது அந்தப் பிரேஸ்லெட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். டைமெத்தில்கிளையாக்சைம் கரைசல் தோய்ந்த பஞ்சால் கொக்கியைத் தேய்த்ததும் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறினால், நிக்கல் வெளியேறுகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.