தொங்குபடுக்கையில் முதுகு மட்டும் ஏன் விறைக்கிறது?

கொழும்பின் புழுக்கமான இரவுகளில் விறாந்தையில் தொங்குபடுக்கை கட்டித் தூங்குபவர்கள், மெத்தையில் படுப்பதைவிட இதில் முதுகு வியர்ப்பது குறைவு என்று சொல்வதுண்டு. அதே படுக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நுவரெலியாப் பக்கம் முகாமிடச் செல்பவர்களுக்கோ, எத்தனை போர்வை போர்த்தினாலும் முதுகும் இடுப்பும்தான் முதலில் விறைக்கும். இரண்டுக்கும் காரணம் ஒன்றே: மெல்லிய துணிக்கு அடியில் காற்று தடையின்றி ஓடுகிறது; உடலைத் தொட்டுச் சூடான காற்றை அது உடனுக்குடன் அள்ளிச் செல்கிறது. பாடசாலை விஞ்ஞானத்தில் மேற்காவுகை என்று படித்தது இதுதான்.

நமது தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 பாகை செல்சியஸ். கொழும்பில் இரவு வெப்பநிலை 25 பாகையாக இருந்தால் வேறுபாடு 8 பாகைதான். நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஒரு கிலோமீற்றர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும். அங்கே 10 பாகைக் குளிரில் படுத்தால் வேறுபாடு 23 ஆகிவிடும். உடல் இழக்கும் வெப்பமும் ஏறத்தாழ அதே விகிதத்தில், அதாவது மூன்று மடங்கை நெருங்கி, உயரும். சனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் துகள் உறைபனி விழும் இடங்களில் நிலைமை இன்னும் கடுமை.

உறங்குபையை விரித்து அதன்மேல் படுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. உறங்குபைக்குள் இருக்கும் பஞ்சு தானாக வெப்பத்தை உண்டாக்குவதில்லை. இழைகளுக்கிடையே சிறு சிறு அறைகளாக அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்றே வெப்பத்தைத் தடுக்கிறது. அசையாக் காற்று நீர் கடத்தும் வெப்பத்தில் 24இல் ஒரு பங்கு அளவையே கடத்தும். உடற்பாரம் அமுக்கியதும் அந்தக் காற்று வெளியேறி, நான்கு விரற்கடைத் தடிப்புள்ள பஞ்சும் அப்பளமாகிவிடுகிறது. தரையில் படுத்தாலும் பஞ்சு நசுங்கத்தான் செய்யும். ஆனால் முதுகின் கீழே காற்று வீசுவதில்லை, உடலைத் தொடும் மண்ணும் மெல்லச் சூடேறும். தொங்குபடுக்கையில் இந்த இரண்டு சலுகையும் கிடையாது.

ஆகவே பஞ்சு உடற்பாரம் படாத இடத்தில், துணிக்கு வெளியே, இருக்க வேண்டும். ‘அண்டர்குவில்ட்’ எனப்படும் கீழ்ப்போர்வை அப்படித்தான் படுக்கையின் அடிப்புறத்தில் இழுபடும் கயிறுகளால் தொங்கவிடப்படுகிறது. அதைச் சரியாகக் கட்டுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. கயிற்றை இறுக்கினால் பஞ்சு மீண்டும் நசுங்கும். தளர்த்தினால் முதுகுக்கும் போர்வைக்கும் நடுவே இடைவெளி விழுந்து, குளிர்காற்று ஒரு முனையால் நுழைந்து மறுமுனையால் வெளியேறும். ஒருவரைப் படுக்கச் சொல்லிவிட்டு, அடியிலிருந்து கையை நுழைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்: போர்வை துணியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அழுத்தக் கூடாது. காற்று பெரும்பாலும் கழுத்துப் பக்கத்திலும் கால் பக்கத்திலும் உள்ள வாய்களால்தான் நுழைகிறது. அவற்றைச் சுருக்கிக் கட்டுவது அவசியம்.

செலவு குறைந்த வழி, மூடிய குமிழிகளைக் கொண்ட நுரைப்பாய். அந்தக் குமிழிகள் பாரத்தால் எளிதில் உடையாததால் உள்ளிருக்கும் காற்று வெளியேறாது. குறை என்னவென்றால், பாய் இரவில் நழுவும், தோள்களின் பக்கவாட்டை மூடாது, வியர்வையையும் தேக்கி வைக்கும். இரட்டைத் துணிப் படுக்கையின் இடையே அதைச் செருகினால் நழுவுவது குறையும். காரின் முன்கண்ணாடிக்குப் பிடிக்கும் வெள்ளித்தாளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். நான் பரிந்துரைக்க மாட்டேன். அது கதிர்ப்பால் போகும் வெப்பத்தையே திருப்பும், அதற்கும் ஒரு பக்கத்தில் காற்றிடைவெளி வேண்டும். முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போது அதனால் கிடைக்கும் சிறு பயனும் உள்ளேயுள்ள காற்றுக் குமிழிகளால் வருவதே.

படுக்கும் விதமும் முக்கியம். கயிறு கிடைக்கோட்டுக்கு ஏறத்தாழ 30 பாகை சரிவில் இருக்குமாறு தளர்வாகக் கட்டி, நடுக்கோட்டிலிருந்து சற்றுக் குறுக்காகப் படுத்தால் முதுகு தட்டையாகும். தோள்களை நெருக்கிப் பிடிக்கும் துணியும் தளரும். கீழ்ப்போர்வையையும் அதே குறுக்குக் கோட்டில் நகர்த்தாவிட்டால் ஒரு தோள் வெளியே நிற்கும்.

இரவு பத்து மணிக்கு இதமாக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. உடலின் உள்வெப்பநிலை விழிப்பதற்கு ஓரிரு மணி நேரம் முன்னரே மிகத் தாழ்கிறது. காற்றும் சூரிய உதயத்தை ஒட்டியே மிகவும் குளிர்கிறது. ஆகவே போர்வையைத் தெரிவு செய்யும்போது அதிகாலை நாலு மணியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். மூடுபனி இறங்கும் மலைநாட்டில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஈரமானதும் இறகுத்தூவி உப்பல் இழந்து கட்டியாகிவிடும், பொலியெஸ்டர் இழை பாரம் கூடியதானாலும் நனைந்த பின்னும் ஓரளவு காற்றைப் பிடித்து வைத்திருக்கும்.